முதலில் எடை மேடை, அப்புறம் ஸ்பானர்: கார் எடைக் குறைப்பு வழிகாட்டி

காருக்குப் பிக்கப் போதவில்லை என்றால் பலரும் நேராக இன்ஜின் பக்கம் போகிறார்கள். ஏர் ஃபில்டர், சைலன்சர், ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் செட்டிங்கை மாற்றுவது) என்று செலவு ஆரம்பித்துவிடும். கிட்டத்தட்ட அதே பலனை டிக்கியிலிருந்தும் சக்கரத்திலிருந்தும் எடுக்கலாம், அதில் ஒரு பகுதிக்குக் காசே ஆகாது. ஆனால் எதைக் கழற்றலாம், எதில் கை வைக்கக் கூடாது, எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியாமல் இறங்கினால் கடைசியில் கிடைப்பது சத்தம் போடும், சூடேறும், துருப்பிடிக்கும் கார். வேகம் மட்டும் அப்படியே இருக்கும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுவிடுவோம். 900 கிலோ ஹாட்ச்பேக், 83 பிஎஸ் (குதிரைத்திறன்) இன்ஜின். ஓட்டுபவர் 70 கிலோ, பாதி டேங்க் பெட்ரோல் 15 கிலோ சேர்த்தால் 985. இதில் 50 கிலோ குறைத்தால் 935. எடையைக் குறைக்காமல் இதே இழுவை வேண்டுமென்றால் இன்ஜின் 87 பிஎஸ்ஸுக்கு மேல் தர வேண்டும். அதாவது நாலரை பிஎஸ் கூட்டியதற்குச் சமம். பூஜ்யத்திலிருந்து 100-ஐத் தொட 13 விநாடி எடுத்த கார் பன்னிரண்டரைக்குச் சற்றுக் கீழே வரும். உச்ச வேகம் மாறாது, ஏனென்றால் அங்கே எதிரி காற்று, எடை அல்ல.

பிரேக்கில் கிடைக்கும் லாபத்தைப் பலர் கவனிப்பதில்லை. 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் 985 கிலோ காரை நிறுத்த, பிரேக் சுமார் 380 கிலோஜூல் ஆற்றலை வெப்பமாக்க வேண்டும். 50 கிலோ குறைந்தால் அதில் 19 கிலோஜூல் குறையும். ஒரு தடவை பிரேக் பிடிப்பதில் இது தெரியாது. டிராக்கில் பத்தாவது சுற்றில், பெடல் இன்னும் கெட்டியாக இருக்கிறதா என்று பார்க்கும்போது தெரியும்.

இனி வரும் ஒவ்வொன்றையும் இரண்டு கண்ணால் பாருங்கள்: தினமும் அண்ணா சாலையில் ஓடும் காரா, டிராக்குக்கு மட்டும் எடுக்கும் காரா? ரோட்டில் ஓடும் காரில் 30 முதல் 40 கிலோவோடு நிறுத்துவதுதான் புத்திசாலித்தனம். அதற்கு மேல் போனால் வசதியும் பாதுகாப்பும் சட்டமும் ஒன்றன்பின் ஒன்றாகக் கையை விடும்.

சட்டம் என்ன சொல்கிறது

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி, ஆர்சி புக்கில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த அசல் விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் உண்டு, ஆறு மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு. ஆர்சியில் இருக்கை எண்ணிக்கை எழுதியிருக்கும். பின் சீட்டைக் கழற்றிவிட்டு ரோட்டில் ஓட்டினால் அந்த எண்ணிக்கையோடு வண்டி ஒத்துப்போகாது. இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்குச் சொல்லாமல் செய்த மாற்றம் கிளெய்ம் நேரத்தில் தலைவலியாகும். ஆகவே ரோட்டுக் காரில் கழற்றுவது எதுவாக இருந்தாலும், திரும்ப மாட்டும்படி கழற்றுங்கள்.

எடை போடுவது

இந்த வேலைக்கு மூன்று தராசு வேண்டும். லாரி எடை மேடை ஒன்று: மாதவரம், செங்குன்றம் பக்கம் லாரியும் நெல்லும் போகும் இடத்திலெல்லாம் இருக்கும். ஆள் நிற்கும் குளியலறைத் தராசு ஒன்று. 50 கிலோ வரை காட்டும் டிஜிட்டல் தொங்கு தராசு ஒன்று, விமானப் பயணிகள் பெட்டியைத் தூக்கிப் பார்ப்பது.

எடை மேடையில் காரை மூன்று முறை ஏற்றுங்கள். முழுக் கார், முன் சக்கரங்கள் மட்டும், பின் சக்கரங்கள் மட்டும். ஓட்டுநர் இறங்கியிருக்க வேண்டும். பெட்ரோல் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள், மறுபடி போடும்போதும் அதே அளவு இருக்கட்டும். லாரிக்கான மேடை 5 அல்லது 10 கிலோ படியில்தான் காட்டும். இரண்டு கிலோ சீட் கவரைக் கழற்றிவிட்டு எடை மேடைக்குப் போய் ஏமாறாதீர்கள். அந்தச் சில்லறைக் கிலோக்களுக்குத்தான் தொங்கு தராசு. இன்னொரு விஷயம்: முன் சக்கரம் மட்டும் மேடையில் நிற்கும்போது பின் சக்கரம் நிற்கும் தரை மேடையோடு சமமட்டமாக இருக்க வேண்டும். சரிவில் நின்றால் எண் தப்பாக வரும். முன்னும் பின்னும் கூட்டினால் முழு எடையோடு பத்து கிலோவுக்குள் ஒத்துப்போகிறதா பாருங்கள். போகவில்லையென்றால் வேறு மேடை தேடுங்கள்.

ஒரு நோட்டு போடுங்கள். பொருளின் பெயர், எடை, காரில் எங்கே இருந்தது, எத்தனை போல்ட், எந்த அளவு ஸ்பானர். கழற்றிய திருகுகளை ஜிப் கவரில் போட்டுப் பெயர் எழுதி, அந்தப் பொருளோடு கட்டிவையுங்கள். மூன்று மாதம் கழித்து "இந்தப் போல்ட் எங்கேயிருந்து வந்தது?" என்று விழிப்பதுதான் இந்த வேலையில் எல்லோருக்கும் வரும் முதல் வியாதி.

முன் பின் எடை ஏன் தனித்தனியாக? முன்சக்கர இழுவைக் கார்களில் எடை ஏற்கெனவே முன்னால்தான். 900 கிலோ காரில் முன்னால் 560, பின்னால் 340 என்று வைத்துக்கொள்வோம். முன்பங்கு 62 சதவீதம். எளிதில் கழற்ற வருவதெல்லாம் பின்பக்கமே இருப்பதால் அங்கிருந்து 45 கிலோ போனால், 855-இல் முன்பங்கு 65.5 ஆகிவிடும். கார் லேசாகியிருக்கும், ஆனால் மழையில் வேகமாகப் பிரேக் பிடித்தால் வால் ஆடும். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் தடுக்கும் அமைப்பு) இல்லாத பழைய கார்களில் பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும். அதனால்தான் முன்பக்கத்தில் குறையும் ஒரு கிலோவுக்குப் பின்பக்கக் கிலோவைவிட மதிப்பு அதிகம்.

காசில்லாத கிலோக்கள்

டிக்கியில் ஆரம்பியுங்கள். ஐந்து லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு, பிள்ளைகளின் கிரிக்கெட் கிட், எப்போதோ வாங்கிய கூலண்ட், குடை, கோயிலுக்குப் போனபோது போட்ட தேங்காய்ப் பை. பத்துப் பதினைந்து கிலோ இதிலேயே வரும்.

அடுத்து, கார் வாங்கிய அன்றே தலையில் கட்டிய அலங்காரங்கள். இவற்றின் எடையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. தடித்த அடுக்கு மேட் ஒரு செட் ஐந்து கிலோ வரை, ரெக்ஸின் சீட் கவர் ஒரு செட் ஆறிலிருந்து எட்டு கிலோ வரை. சீட் கவரில் இன்னொரு ஆபத்தும் உண்டு. சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் இருக்கும் கார்களில் தையல் பிரிந்து ஏர்பேக் வெளியே வர வேண்டிய வழியை அது மூடிவிடும். மரப்பெட்டியோடு உள்ள சப்வூஃபர் 15 கிலோவுக்கு மேல். முன்னால் மாட்டும் இரும்பு புல் கார்டு அதே அளவு எடை. அதுவும் காரின் மூக்கு நுனியில். மேலும் அது சட்டப்படி தடை செய்யப்பட்ட பொருள். முதலில் கழற்ற வேண்டியது அதைத்தான்.

தரை முழுக்க ஒட்டிக் கொடுக்கும் லேமினேஷன் ஷீட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் எடை நாலைந்து கிலோதான். ஆனால் அதன் அடியில் கார்ப்பெட், அதற்கும் அடியில் நுரையும் ஃபெல்ட்டும். மழைக்காலத்தில் கதவு ரப்பர் வழியாகவோ, வேளச்சேரி, முடிச்சூர் போலத் தண்ணீர் தேங்கும் தெருவில் நிறுத்தியதாலோ உள்ளே இறங்கிய நீர் அந்த ஃபெல்ட்டில் தங்கிவிடும். மேலே ஷீட் மூடியிருப்பதால் வெளியே தெரியாது, காயவும் காயாது. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் நனைந்த கார் ஒன்றை செகண்ட்ஹேண்டில் வாங்கியிருந்தால் முதலில் ஷீட்டைத் தூக்கிப் பாருங்கள். ஃபெல்ட்டைக் கையால் அழுத்தினால் தண்ணீர் கசிந்தால், பல கிலோ நீரைச் சுமந்துகொண்டு ஓட்டியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். தரைத் தகடும் துருப்பிடிக்கத் தொடங்கியிருக்கும்.

ஸ்டெப்னியும் ஜாக்கியும் சேர்த்துச் சின்னக் காரில் 15 முதல் 18 கிலோ. டியூப்லெஸ் டயர், காற்றழுத்தம் காட்டும் அமைப்பு, பஞ்சர் கிட் மூன்றும் இருக்கும் கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020-இல் விதி மாறியது. உங்கள் காரில் அந்த அழுத்தம் காட்டும் அமைப்பு இல்லையென்றால் ரோட்டில் ஸ்டெப்னி இருக்கட்டும். டிராக்குக்குப் போய்ச் சேர்ந்ததும் இறக்கிவையுங்கள்.

பெட்ரோல்: ஒரு லிட்டர் முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. 37 லிட்டர் டேங்க் நிறைந்தால் 27 கிலோ. டிராக்கில் கால் டேங்குக்குக் கீழே போகாதீர்கள். நீண்ட வளைவில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கினால் பம்ப் காற்றை உறிஞ்சி இன்ஜின் விக்கும். டேங்குக்குள் இருக்கும் அந்தப் பம்பைக் குளிர வைப்பதும் பெட்ரோல்தான். தினசரி ஓட்டத்தில் டேங்கைப் பாதியாக வைத்துப் பதின்மூன்று கிலோ மிச்சப்படுத்துவது பெட்ரோல் பங்க் வரிசையில் போகும் நேரத்துக்கு ஈடாகாது.

சிஎன்ஜி சிலிண்டரோடு வந்த கார் என்றால் இந்த வழிகாட்டியை இங்கேயே மூடிவிடலாம். சிலிண்டரும் அதன் சட்டமும் சேர்ந்து ஏற்றிய எடையை மற்றதையெல்லாம் கழற்றினாலும் ஈடுகட்ட முடியாது.

சக்கரம்

காசு செலவழிப்பதாக இருந்தால் முதலில் இங்கே செலவழியுங்கள். சுற்றும் பொருளை முன்னோக்கியும் தள்ள வேண்டும், சுழற்றவும் வேண்டும். டயரின் ஓரத்தில் உள்ள ஒரு கிலோ, வேகமெடுக்கும்போது ஏறக்குறைய இரண்டு கிலோவாக நடந்துகொள்ளும். ரிம்மும் டயரும் சேர்த்துச் சராசரி பார்த்தால் ஒன்றரை. சக்கரத்துக்கு இரண்டு கிலோ வீதம் நான்கு சக்கரத்தில் எட்டு கிலோ குறைத்தால், பிக்கப்பில் அது பன்னிரண்டு கிலோவுக்குச் சமம். ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை குறைவதால் மேடுபள்ளத்தில் டயர் தரையை விடாமல் பற்றும். இது தராசில் தெரியாத லாபம்.

பெரிய தவறும் இங்கேதான் நடக்கிறது. "அலாய் என்றால் லேசு" என்று நினைத்து 14 அங்குல இரும்பு ரிம்மைக் கழற்றி 16 அங்குல அலாய் மாட்டுவார்கள். கடைகளில் கிடைக்கும் மலிவான வார்ப்பு அலாய்கள் பல, அந்த இரும்பு ரிம்மைவிட எடை அதிகம். அதோடு அகலமான டயர். கார் பார்க்க நன்றாக இருக்கும், சிக்னலில் கிளம்பும்போது மந்தமாக இருக்கும். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ரிம் வாங்கப் போகும்போது அந்தத் தொங்கு தராசைக் கையோடு கொண்டுபோங்கள். கடைக்காரர் சிரிப்பார், பரவாயில்லை. 15 அங்குல ரிம் ஒன்று ஏழு கிலோவுக்குள் வந்தால் நல்ல தேர்வு. ஃப்ளோ ஃபார்ம் முறையில் (வார்த்த ரிம்மைச் சூடாக்கி, சுழற்றி உருட்டி மெலிதாக்குவது) செய்தவை அந்த அளவில் வரும். புகழ்பெற்ற ரிம்மை அப்படியே காப்பியடித்த போலிகளைத் தவிருங்கள். பள்ளத்தில் இறங்கினால் உள்விளிம்பு விரிசல் விடும், டியூப்லெஸ் டயரில் காற்று மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும்.

சரிபார்க்க வேண்டியவை: போல்ட் வட்டம் பெரும்பாலான சின்னக் கார்களில் 4×100, அதாவது 100 மிமீ வட்டத்தில் நான்கு போல்ட். நடு ஓட்டை ஹப்பைவிட (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) பெரிதாக இருந்தால் இடைவெளியை நிரப்பும் ஹப் ரிங் போட வேண்டும், இல்லாவிட்டால் 80-ஐத் தாண்டியதும் ஸ்டியரிங் நடுங்கும். ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் உட்காரும் முகம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்ற அளவு) அசலிலிருந்து அதிகம் விலகக் கூடாது. இரும்பு ரிம்மின் நட்டு அலாய்க்குப் பொருந்தாமல் போகலாம், நட்டு உட்காரும் சாய்வு கூம்பா உருண்டையா என்று பாருங்கள். முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் கார் கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்கி, 50 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி பாருங்கள்.

டயரைத் தேர்ந்தெடுக்கும்போது மொத்த விட்டம் மாறக் கூடாது. 195/55 ஆர்16 டயரின் விட்டம் 621 மிமீ, 185/65 ஆர்15-இன் விட்டமும் கிட்டத்தட்ட 621. ஆகவே 16-இலிருந்து 15-க்கு இறங்கினாலும் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. பிரேக் கேலிப்பருக்கும் ரிம்முக்கும் இடையில் விரல் போகிறதா என்று மட்டும் பாருங்கள். டயர் பக்கச் சுவரில் உள்ள சுமை எண் அசலைவிடக் குறைய வேண்டாம்: 82 என்றால் ஒரு டயருக்கு 475 கிலோ, 84 என்றால் 500, 88 என்றால் 560. தடித்த பக்கச் சுவர் சென்னை ரோட்டுக்கு நல்லது என்பதும் கூடுதல் லாபம்.

பேட்டரி

சாதாரண 35 ஏஎச் (ஆம்பியர்-மணி) லெட் ஆசிட் பேட்டரி ஒன்பது பத்துக் கிலோ. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்றால் மூன்று நான்கு. ஆறு கிலோ லாபம், அதுவும் முன்பக்கத்தில். ஆனால் பானெட்டுக்கு அடியில், கத்தரி வெயிலில், டிராஃபிக்கில் நிற்கும்போது ஏறும் சூட்டில் லித்தியத்தின் ஆயுள் குறையும். ஆல்டர்னேட்டர் தரும் வோல்டேஜ் அந்த பேட்டரிக்கு ஒத்துவருமா என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். ஸ்டார்ட்-ஸ்டாப், மைல்ட் ஹைப்ரிட் கார்களில் இதைத் தொடவே வேண்டாம். விலை 20,000 என்று வைத்தால் ஒரு கிலோ குறைக்க 3,300 ரூபாய். ரோட்டுக் காருக்கு இது வீண் செலவு. நோட்டில் "கிலோவுக்கு எத்தனை ரூபாய்" என்று ஒரு பத்தி போட்டுக்கொண்டால் இதுபோன்ற ஆசைகள் தானாக அடங்கும்.

சீட்

பின் சீட்டைக் கழற்ற அரைமணி நேரம் போதும், மொத்தம் 20 முதல் 25 கிலோ வரும். டிராக் நாளுக்கு மட்டும் செய்யுங்கள்.

1. உட்காரும் பகுதியின் முன்விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துச் செங்குத்தாக இழுங்கள், கிளிப் விடும். சில கார்களில் 12 மிமீ போல்ட் இரண்டு இருக்கும். இழுக்கும் முன் தேடிப் பாருங்கள், இல்லையென்றால் பிளாஸ்டிக் உடையும்.
2. சீட் பெல்ட் பக்கிள்களைச் சீட்டின் துளை வழியாகக் கீழே தள்ளிவிடுங்கள். பெல்ட்டைத் தரையோடு பிடிக்கும் போல்ட்டைத் தொடத் தேவையில்லை.
3. முதுகுப் பகுதியை மடக்கினால் கீல் போல்ட்கள் தெரியும், பொதுவாக 14 மிமீ. கழற்றித் தூக்குங்கள்.
4. பின்னால் தளர்ந்து கிடக்கும் பெல்ட், பக்கிள், ஒயர் எல்லாவற்றையும் டேப் போட்டு ஒட்டுங்கள். வளைவில் அடித்துக்கொள்ளும் சத்தம் கவனத்தைக் கெடுக்கும்.

முன் சீட் வேறு கதை. அதன் அடியில் மஞ்சள் நிறக் கனெக்டர் இருந்தால் அது ஏர்பேக், பெல்ட் இறுக்கி சம்பந்தப்பட்டது. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிப் பத்து நிமிடம் காத்திருந்து, பிறகுதான் அதைத் தொட வேண்டும். கனெக்டர் கழன்றிருக்கும்போது சாவியைத் திருப்பினால் ஏர்பேக் விளக்கு எரியும், ஸ்கேனர் போட்டு அழிக்கும்வரை அணையாது. எஃப்ஆர்பி (கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக்) பக்கெட் சீட் மவுண்ட்டோடு பத்து கிலோ, அசல் சீட் 15 முதல் 18. லாபம் என்னவோ இருக்கிறது. ஆனால் ரோல் கேஜ் (கவிழ்ந்தால் கூரையைத் தாங்கும் இரும்புக் குழாய்க் கூண்டு) இல்லாத காரில் பக்கெட் சீட்டும் நான்கு முனை பெல்ட்டும் போடுவது அபாயம். கார் கவிழ்ந்து கூரை அமுங்கும்போது அசல் பெல்ட்டில் உடம்பு பக்கவாட்டில் சாய இடமிருக்கும். அந்த நான்கு முனை பெல்ட் உங்களை நிமிர்த்திக் கட்டிவைத்துவிடும், கழுத்துதான் வாங்கும். ரோட்டுக் காரில் முன் சீட்டை விட்டுவிடுங்கள்.

டிராக் கார் மட்டும்: உள்ளே உரிப்பது

போட்டிக்குப் போகும் எண்ணம் இருந்தால் உரிக்கும் முன் விதிப்புத்தகத்தைப் படியுங்கள். ஒவ்வொரு வகுப்புக்கும் குறைந்தபட்ச எடை உண்டு. அதற்குக் கீழே போனால் பிறகு ஈயக் கட்டி கட்டி ஓட்ட வேண்டிவரும். இருங்காட்டுக்கோட்டையில் 1990-இல் திறந்த 3.7 கிலோமீட்டர் டிராக்கும், அதற்கு முன் சோழவரம் ஓடுதளத்தில் பந்தயம் நடத்திய, 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பும் பக்கத்திலேயே இருப்பது சென்னைக்காரர்களுக்கு வாய்ப்பு. போய்ப் பாருங்கள், மற்றவர்கள் எதைக் கழற்றியிருக்கிறார்கள் என்பதைவிட எதைக் கழற்றாமல் வைத்திருக்கிறார்கள் என்று கவனியுங்கள்.

ரோல் கேஜ் எடை கூட்டும் என்பதையும் இப்போதே கணக்கில் வையுங்கள். உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ-வின் விதிப்படி முக்கிய வளைவுக்கு 45 மிமீ விட்டம், 2.5 மிமீ தடிமன் கொண்ட தையலில்லாக் குழாய். மீட்டருக்கு 2.6 கிலோ. மற்றவற்றுக்கு 38 மிமீ, மீட்டருக்கு 2.2 கிலோ. பதினாறு மீட்டர் குழாய் போனால் 37, 38 கிலோ. கார்ப்பெட்டிலும் சீட்டிலும் மிச்சம் பிடித்ததை இது திரும்ப வாங்கிக்கொள்ளும். வாங்கிக்கொள்ளட்டும்.

கார்ப்பெட், ஃபெல்ட், பின் பக்கப் பிளாஸ்டிக் எல்லாம் எடுத்ததும் தரைத் தகட்டில் கறுப்பாக, தார் போல ஒட்டியிருக்கும் அதிர்வுத் தடுப்பு அட்டைகள் தெரியும். சின்னக் காரில் இவை ஐந்து கிலோவிலிருந்து பத்து வரை. சுரண்டினால் நாள் முழுக்கப் போகும். டிரை ஐஸ் ஐந்து முதல் பத்து கிலோ வாங்குங்கள். அது மைனஸ் 78 டிகிரி, தடித்த கையுறை இல்லாமல் தொடவே கூடாது. உடைத்து அட்டையின் மேல் பரப்பிப் பத்து நிமிடம் விட்டால் அட்டை கண்ணாடி போல ஆகிவிடும். ரப்பர் சுத்தியலால் தட்டினால் சில்லுசில்லாகக் கழன்று வரும். அது கரையும்போது வெளிவரும் கார்பன் டை ஆக்சைடு காற்றைவிடக் கனம், காரின் தரையிலேயே தேங்கும். கதவு, டிக்கி எல்லாம் திறந்து, திறந்தவெளியில் மட்டும் செய்யுங்கள். மூடிய ஷெட்டில் காருக்குள் குனிந்து வேலை பார்ப்பது உயிருக்கே ஆபத்து. காலை ஏழு மணிக்குத் தொடங்குவது நல்லது. பதினொரு மணி வெயிலில் தகடு சூடேறிவிட்டால் அட்டை மறுபடி பசையாகும், டிரை ஐஸும் வேகமாகத் தீரும்.

சுத்தியல் பட்டுப் பெயின்ட் போன இடங்களை அன்றைக்கே எபாக்ஸி பிரைமர் அடித்து மூடுங்கள். திருவான்மியூர், பெசன்ட் நகர், ஈசிஆர் பக்கம் உப்புக் காற்றில் வெறும் தகடு ஓரிரு நாளிலேயே சிவக்கும். தரையில் உள்ள ரப்பர் அடைப்பான்கள் கழன்றிருந்தால் திரும்ப மாட்டுங்கள். கார்ப்பெட் இல்லாத காரில் சைலன்சர் குழாய் போகும் நடுமேட்டின் சூடு நேராகக் காலில் ஏறும். அங்கே அலுமினிய வெப்பத்தடுப்பு ஷீட் ஒட்டுவது அவசியம். சென்னை மே மாதத்தில் செருப்பு அடி இளகும் என்று சொன்னால் மிகையல்ல.

இவற்றைத் தொடக் கூடாது: கதவுக்குள் குறுக்கே போகும் குழாய், பம்பருக்குப் பின்னால் உள்ள இரும்புச் சட்டம், டேஷ்போர்டுக்குள் இரண்டு தூண்களையும் இணைக்கும் குழாய், சீட் மவுண்ட் குறுக்குச் சட்டங்கள், சைலன்சருக்கு மேலுள்ள வெப்பத்தடுப்புத் தகடு. சக்கர வளைவுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் உறையும், இன்ஜினுக்கு அடியில் உள்ள தகடும் ஒன்றிரண்டு கிலோதான். அவற்றைக் கழற்றினால் மழைநாளில் ரோட்டுத் தண்ணீர் நேராக பெல்ட்டிலும் ஆல்டர்னேட்டரிலும் அடிக்கும். ஒயரிங்கை வெட்டிக் குறைப்பதும் புதியவர்களுக்கு வேண்டாத வேலை. ஒரு கிலோ மிச்சம், ஒரு மாதம் எர்த் பிரச்சினை தேடல்.

ஏசியைக் கழற்றினால் 12 முதல் 18 கிலோ குறையும், அதுவும் முன்பக்கத்தில். காகிதத்தில் பார்க்க ஆசையாக இருக்கும். கத்தரியை விட்டுத்தள்ளுங்கள், வடகிழக்குப் பருவமழையில் கண்ணாடியில் படியும் ஆவியை உடனே போக்குவது ஏசிதான். அது இல்லாமல் நவம்பர் இரவு மழையில் ஜிஎஸ்டி சாலையில் ஓட்டுவது கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவது. டிராக் காரில் கழற்றினாலும் வாயுவை மெஷின் வைத்து உறிஞ்ச வேண்டும், குழாயைத் திறந்து காற்றில் விடக் கூடாது. கம்ப்ரசர் போன பிறகு பெல்ட்டின் நீளமும் மாறும்.

எஃப்ஆர்பி பானெட்டை அம்பத்தூர், கிண்டி தொழிற்பேட்டைப் பட்டறைகளில் அச்சு எடுத்துச் செய்யலாம். நான்கைந்து கிலோ குறையும். அசல் பூட்டை நம்பாமல் முன்னால் இரண்டு பின் போடுங்கள், இல்லையென்றால் வேகத்தில் எழும்பிக் கண்ணாடியில் மோதும். பக்கக் கண்ணாடிக்குப் பதில் பாலிகார்பனேட் போட்டால் அதே தடிமனில் பாதி எடை. ரோட்டுக் காரின் கண்ணாடி விதி சொல்லும் பாதுகாப்புத் தரத்தில் இருக்க வேண்டும் என்பதால் இது டிராக்குக்கு மட்டும். அசல் பாகம் எதையும் விற்றுவிடாதீர்கள். பிறகு பழைய உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் அதே நிறத்தில், அதே மாடலில் தேடி அலைவது பெரும் பாடு.

முடிந்த பிறகு

பின்பக்கம் லேசானதால் கார் வாலைத் தூக்கி நிற்கும். ஹெட்லைட் ஒளி கீழே இறங்கியிருக்கும், சுவரில் அடித்துப் பார்த்துச் சரிசெய்யுங்கள். வீல் அலைன்மென்ட் பாருங்கள். டயர் காற்றைக் கதவோர ஸ்டிக்கரில் உள்ள அளவில் தொடங்கி, டிராக்கில் தேய்மானத்தைப் பார்த்து ஒவ்வொரு பவுண்டாக மாற்றுங்கள். காலியான இடத்தில் மெதுவான வேகத்திலிருந்து முழு பிரேக் அடித்துப் பாருங்கள், ஈரத் தரையிலும் ஒரு தடவை. வால் விலகுகிறதென்றால் பின்பக்கத்திலிருந்து எடுத்ததில் கொஞ்சம் திரும்ப வையுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

அதே எடை மேடைக்கு, அதே பெட்ரோல் அளவோடு போய் மூன்று எண்ணையும் எடுங்கள். நோட்டில் கூட்டிய கழித்தலோடு பத்து கிலோவுக்குள் வர வேண்டும்.

நேரம் பார்ப்பதை ஈசிஆரில் செய்யாதீர்கள். டிராக்கில் ஜிபிஎஸ் கருவி வைத்து, மூன்றாவது கியரில் 40-இலிருந்து 80 வரை, இரண்டு திசையிலும் மூன்று முறை ஓட்டிச் சராசரி எடுங்கள். முன்பும் பின்பும் ஒரே பருவத்தில், ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். 40 டிகிரி மே மதியக் காற்று, 25 டிகிரி டிசம்பர் காலைக் காற்றைவிட ஏறக்குறைய ஐந்து சதவீதம் அடர்த்தி குறைவு, டர்போ இல்லாத இன்ஜினின் சக்தியும் அதே அளவு குறையும். 985 கிலோவில் நீங்கள் பாடுபட்டுக் குறைத்த 50 கிலோவும் அதே ஐந்து சதவீதம்தான். மே மாதம் அளந்துவிட்டு, மாதக்கணக்கில் உரித்து, டிசம்பரில் மறுபடி அளந்தால், மார்கழிக் குளிர் தந்ததையும் உங்கள் ஸ்பானர் கணக்கில்தான் எழுதுவீர்கள்.